மணற்காளான்

"விரலைத் தொண்டைக்குள்ள விடுங்க!" ஓடுகிற ஆட்டோவுக்கு வெளியே நீட்டியிருந்த புருஷன் அந்திரையாஸின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள் பிரகாசி. அவன் மறுபடியும் வாந்தி எடுத்தான்.

சவுக்குத் தோப்பு மணலில் பாதி புதைந்து, குட்டிக் கிண்ணங்களாக வாய் திறந்து கிடந்த காளான். காலையில் அவள்தான் மடி நிறையப் பறித்து வந்தாள். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவியதில் மணல் போனது. விஷம் போகவில்லை.

"கிண்ணம் மாதிரி அழகா இருந்தா உடனே குழம்பு வச்சிருவியாட்டி?" என்று பொரிந்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்திரையாஸின் அக்கா ரெஜினா. "என் தம்பிக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், அப்புறம் இருக்கு."

பிரகாசி ஆட்டோ கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். வெளிறிப்போன முகம்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஊசி போட்டபடியே டாக்டர் கேட்டார். "இது ஈரலைத் தாக்குற விஷம். வேற யாரு சாப்பிட்டீங்க?"

"யாருமில்ல. தம்பி வாந்தி எடுக்கும்போதுதான் நான் வந்தேன்" என்றாள் ரெஜினா. "எங்க வீட்ல ஆம்பளை சாப்பிட்டு எந்திரிச்ச பிறகுதான் பொம்பளை தட்டுல கை வைப்பா. மகராசி, தப்பிச்சிட்டா."

"நல்லவேளை" என்று முனகினான் அந்திரையாஸ்.

பிரகாசி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பசி தாங்கல டாக்டர். நானும் சாப்பிட்டேன். இவருக்கு முன்னாடியே."

டாக்டர் சட்டென்று அவளை நோக்கிக் குனிந்தார்.

ரெஜினா நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"முன்னாடியேவா?"