ஒற்றை டெயில் லைட்

கோர்ட் வாசலில் நின்ற சௌரிராஜனின் வெள்ளை அம்பாசிடரில், வலது பக்க டெயில் லைட்டை வீரணன் தன் கையாலேயே கல்லெடுத்து நொறுக்கினார். நாளைக்குத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல சௌரிராஜன் உயிரோடு இருக்கக்கூடாது.

வெளியூர் ஆட்களிடம் அடையாளமும் சொல்லியாகிவிட்டது.

“பொழுது சாய சமயநல்லூர் ரோட்டுல வருவான். வெள்ளை அம்பாசிடர். பின்னாடி ஒத்த லைட்டுதான் எரியும். மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு நிக்காதீக. லாரிய விட்டு மோதி, வெட்டிப் போட்டுட்டு வாங்க.”

ஏழு மணிக்குப் போன் வந்தது.

“முடிச்சாச்சுண்ணே. அம்புட்டு வெட்டுலயும் ‘எங்கப்பா யாருன்னு தெரியுமாடா’ன்னுதான் கத்துனான்.”

வீரணன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அந்நேரம் மெக்கானிக் பாலகணேஷ் புது டெயில் லைட்டும் கையுமாக வந்து நின்றார்.

“கோவிச்சுக்கிறாதீகண்ணே. மத்தியானம் சௌரிராஜன் சார் ஒடஞ்ச லைட்டோட வந்து அவசரப்படுத்துனாரு. கடையில சரக்கு இல்ல. பிரேக் வேலைக்கு நின்ன உங்க வெள்ளை அம்பாசிடர்லருந்து கழட்டி அவருக்கு மாட்டிவிட்டேன். புதுசு வாங்கிட்டு வாரதுக்குள்ள, உங்க மகன் வண்டிய எடுத்துக்கிட்டுச் சமயநல்லூர் வழியாச் சோழவந்தானுக்குக் கெளம்பிட்டாராம்.”