தட்டோரத்துக் கொத்தமல்லி

கிண்ணத்தில் மிதந்த கொத்தமல்லியை ஒவ்வொரு தழையாகக் கிள்ளியெடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள் மியென்.

லாங் சோன் சந்தையை ஒட்டிய அந்த ஃபோ கடையில் அப்படிச் செய்பவர் எவரும் இல்லை. எலும்புச் சாறும் அரிசி நூடுல்ஸும் கிண்ணத்தில் விழுந்த மறுகணம் கொத்தமல்லியும் விழுந்துவிடும். வேண்டுமா என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது.

அவள் சாப்பிடுவதற்காக வந்தவள் அல்லள். தன்னைப் பெற்றவளைத் தேடி ஹனோயிலிருந்து முந்தின நாள் வந்திருந்தாள். வளர்த்த தாய் இறக்கும் தறுவாயில் சொன்னவை ஒரு பெயரும் ஓர் ஊரும் மட்டுமே. லுவா. லாங் சோன்.

கடையில் கூட்டம் சேரும் முன்பே, அடுப்படியில் தனியாக நின்றிருந்த கடைக்காரி லுவாவிடம் அவள் மெல்லக் கேட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஹனோயில் ஒரு பெண் குழந்தையை யாரிடமாவது கொடுத்தீர்களா, அத்தை?

லுவா கொப்பரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நீ தேடற ஆள் நான் இல்லம்மா. குளிர்ல வந்திருக்கே. உக்காந்து சூடா சாப்பிட்டுப் போ."

அந்தக் குரலில் தடுமாற்றம் ஏதும் இல்லை. மியென் நம்பினாள். அதே பெயருள்ள வேறொருத்தியும் நேற்று இப்படித்தான் சொல்லியிருந்தாள். நண்பகல் பேருந்தில் திரும்பிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் கிண்ணத்தின் முன் அமர்ந்தாள்.

"ஏம்மா, கொத்தமல்லி உன்னை என்ன பண்ணிச்சு?"

லுவாவின் கணவர் தொவான், மேசை துடைக்கும் துணியைத் தோளில் போட்டபடி எதிரே வந்து நின்றார்.

"வயிறு பொருமினா கொத்தமல்லி. அம்மை வெளிய வராம நின்னா கொத்தமல்லி விதை. நீ என்னடான்னா செத்த ஈயை எடுக்கற மாதிரி எடுத்து வெக்கறே."

"கோவிச்சுக்காதீங்க மாமா. எனக்கு அது நசுக்கின மூட்டைப்பூச்சி மாதிரி நாறும்."

தொவான் பெருங்குரலில் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடேயப்பா, இன்னொருத்தி. என் பொண்டாட்டியும் இதே மூட்டைப்பூச்சியத்தான் சொல்லுவா. கட்டின நாள்லேர்ந்து ஒரு தழை வாயில வெச்சதில்ல. வருஷக் கடைசி நாள்ல பூத்த கொத்தமல்லியக் கொதிக்க வெச்சு ஊரே தலை முழுகும். இவ மட்டும் கொல்லைல போய் மூக்கைப் பொத்திட்டு நிப்பா. ஃபோ கடைக்காரிக்கு வாய்ச்ச மூக்கைப் பாத்தீங்களா."

மியெனின் கரண்டி நின்றது.

அவளை வளர்த்தவள் கொத்தமல்லி இல்லாமல் ஒரு வாய் உண்ணாதவள். ஆயினும் மகளுக்கென்று தனிக் கத்தியும் தனிப் பலகையும் வைத்திருந்தாள். இது பிடிவாதம் அன்று, மூக்கின் அமைப்பு. பலருக்குப் பெற்றவர் வழியாக வருவது என்று ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். அது மட்டுமே சாட்சி ஆகாது என்பதையும் மியென் அறிவாள்.

ஆனால் அவள் நிமிர்ந்தபோது, அடுப்படியில் லுவாவின் அகப்பை அசையாமல் நின்றிருந்தது.

தொவானின் பார்வை மியெனின் முகத்தில் தங்கிவிட்டது. "கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பும்மா. உன்னைப் பாத்தா, யாரையோ..."

அவர் முகத்தில் வேடிக்கை மட்டுமே இருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது என்பது மியெனுக்குப் புரிந்தது.

லுவா அடுப்பை விட்டு வந்தாள். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். மியெனின் தட்டோரத்தில் கிடந்த தழைகளில் ஒரு பிடியை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப சாப்பிடறேன். நீங்க எங்க என் தட்டைப் பாக்கறீங்க?"

மென்றாள். கண்களில் நீர் கட்டியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. விழுங்கிய பிறகுதான் மியெனை நேராகப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் மறுப்பு இல்லை.

அம்மா என்ற ஒரு சொல் போதும். அந்தக் கடையின் சிரிப்பு அத்தனையும் அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

எஞ்சியிருந்த தழைகளை மியென் எடுத்துத் தன் வாயிலிட்டாள். மூட்டைப்பூச்சியேதான். கடைசித் தண்டு வரைக்கும் மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. சின்ன வயசு வீம்பு. இத்தனை நாள் வீணா ஒதுக்கிட்டேன்."

"பாத்தீங்களா, ஒரே காலைல ரெண்டு பேரைத் திருத்திட்டேன்" என்று பக்கத்து மேசைக்கு அறிவித்தார் தொவான். யாருடைய சாயல் என்று யோசித்துக்கொண்டிருந்ததே அவருக்கு மறந்துபோயிற்று. அந்த மகிழ்ச்சியில் வழிக்கு ஒரு பொட்டலமும் கட்டினார். ஒரு பையில் சாறு, ஒரு பையில் நூடுல்ஸ், ஒரு பையில் தழைகள். தழைப் பையில் கொத்தமல்லியை இரு கையாலும் அள்ளித் திணித்தார்.

"உங்களுக்கு ரப்பர் பேண்டு போடத் தெரியாது. குடுங்க இப்படி" என்று லுவா அதை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

பேருந்து போய்விடும் என்று தொவான் குரல் கொடுக்கும் வரை அவள் வெளியே வரவில்லை.

மலையிறக்கம் தொடங்கிய பிறகு மியென் தழைப் பையைப் பிரித்தாள்.

வெங்காயத் தாள் இருந்தது. எலுமிச்சைத் துண்டு இருந்தது. புதினா இருந்தது. அந்தப் புதினா இலைகளில் ஒட்டியிருந்திருக்கக்கூடிய கொத்தமல்லித் துணுக்குகளைக்கூட யாரோ பொறுமையாகப் பொறுக்கி எடுத்திருந்தார்கள்.