வாசல் வைக்காத அட்டைக் கூடம்

“வாசலே வைக்கலையே சித்தப்பா! உள்ள இருக்கறவ எப்படி வெளிய வருவா?”

“அட்டை பொம்மைக்கு எதுக்குடி வாசல்? அந்த இடத்துல இன்னொரு படத்தை மாட்டினா அதையும் அவங்க தலையில கட்டிடலாம்!”

எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. எங்கள் தெரு ஓவிய வியாபாரி, அருங்காட்சியகத்தார் படங்களைத் தேர்ந்தெடுக்க வசதியாக, அவர்களுடைய கூடத்தை மேசையளவு அட்டையில் செய்திருந்தார். உயரம் தெரிய நடுவில் ஒரு பொம்மை; அவருடைய அலுவலகத்தைக் கவனித்துக்கொண்ட அவர் அண்ணன் மகளின் சாயலில் வெட்டி ஒட்டியது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியும், “எல்லாப் படமும் விக்கட்டும், அப்புறம் போ” என்று இழுத்தடித்தார் அந்தப் புண்ணியவான்.

காலையில் பார்த்தால் பொம்மை, வாசல் இருக்கவேண்டிய சுவரில் முகம் பதித்து நிற்கும். திட்டிக்கொண்டே மறுபடி நடுவில் ஒட்டுவார். “நான் தொடவே இல்ல சித்தப்பா” என்று அழுவாள் இவள்.

ஒருவழியாகப் படங்கள் விற்றன. அட்டைக் கூடத்தையும் அருங்காட்சியகத்தார் கேட்டு வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அவள் கல்யாணமாகி, லேசாகக் கூன் விழுந்த நெட்டை மாப்பிள்ளையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். சந்தோஷமாக இருக்கிறாளாம்.

போன வாரம் நானும் அருங்காட்சியகத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அந்தச் சுவரில் முகம் பதித்து இப்போது இரண்டு பொம்மைகள் நிற்கின்றன. இரண்டாவது நெட்டையாக, லேசாகக் கூனியிருக்கிறது.