அரைக் கரண்டிச் சீனி

நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மழைத் தூறலில் அழிந்துவிடவில்லை. இருந்தது.

நாளைக்குக் கருமாதி. நாளை வரைக்கும் பொட்டு உண்டு, கழுத்தில் தாலி உண்டு. பார்க்கிறவர்களுக்கு அவள் இன்னும் அர்ச்சுனனின் பெண்சாதிதான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

துக்க வீட்டுக்காரி சந்தைக்குப் போவதாவது என்று நாத்தனார் வாசலை மறித்தாள். படையலுக்கு என்ன வேண்டுமென்று சொல், பிள்ளைகள் வாங்கி வருவார்கள் என்றாள். வாங்கி வந்துவிடுவார்கள்தான். எந்தக் கடை, எந்தக் கை என்று அவர்களுக்கு என்ன தெரியும்? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பினாங்கில் இந்த இரவுச் சந்தை ஒரு நாளைக்கு ஓர் இடத்தில் கூடும். புதன்கிழமை இந்தத் தெருவுக்கு. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரு புதனையும் விட்டதில்லை. அவள் முன்னால் போவாள். அவர் பின்னால் வருவார், கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற பிள்ளை மாதிரி.

கணவாய் மீன் சுடுகிற புகை கண்ணைக் கரித்தது. அழுவதற்கு வசதியான இடம்தான்.

அவள் அழவில்லை.

கரும்புச்சாறு. இங்கே நின்று பார்ப்பார். ம், நடங்க என்பாள்.

தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஐஸ் செண்டோல். இங்கேயும் நிற்பார்.

நடங்க.

சர்க்கரை வியாதி வந்த பிறகு அந்த மனுஷனை அவள் ஆட்டிவைத்தது கொஞ்சநஞ்சமல்ல. சோற்றைக் கிண்ணத்தால் அளந்தாள். தேநீரில் சீனியை நிறுத்தினாள். தீபாவளிக்குக்கூடப் பலகாரத் தட்டை அவருக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. கால் விரல் ஒன்று போனது. நான் இவ்வளவு பார்க்கிறேனே, எங்கிருந்துதான் ஏறுகிறது என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனாள்.

வாரத்துக்கு ஓர் அப்பம் மட்டும் விட்டுவைத்தாள். மொய்தீன் பாய் கடையில், கடலையும் சீனியும் தூவி இரண்டாக மடித்துத் தருகிற அப்பம். அதுவும் அரைக் கரண்டிச் சீனியில்.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். ஒரு துண்டு போதும் என்றார். முதலில் சர்க்கரை இறங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு பார்க்க அவர் இல்லை.

வாய்க்கு ருசியாக ஒன்றையும் தின்னவிடாமல் அனுப்பிவிட்டோமே. இந்த நினைப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை. பாவி, பாவி என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். நாளைக்கு அவர் படத்துக்கு முன்னால் அந்த அப்பத்தை வைத்தால்தான் மனசு ஆறும். சீனியை அள்ளிக் கொட்டி.

மழையால் பாய் கடையில் கூட்டமில்லை. சின்னச் சட்டியில் மாவை ஊற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கடலைப் பொடியைத் தூவினார். சீனி டப்பாவைத் திறந்தார்.

"அரைக் கரண்டி பாய்," என்றாள்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாருக்கு அரைக் கரண்டி? இனி யாருக்கு ஏறப் போகிறது?

வழக்கமாக இந்த நேரத்தில் குனிந்து கைப்பையில் சில்லறை துழாவுவாள். நிமிரும்போது அப்பம் மடிந்து பொட்டலத்துக்குள் இருக்கும். இன்று திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நிமிர்ந்தே நின்றாள்.

பாய் சீனியைப் போடவில்லை.

கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எதற்கோ காத்திருந்தார்.

அவளும் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சீனத்துப் பெண் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாருமில்லை.

"அண்ணன் வரலையாக்கா?" என்று பாய் அசடு வழியச் சிரித்தார். மாட்டிக்கொண்டது அவருக்கே புரிந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க. நீங்க அரைக் கரண்டிம்பீங்க. அவரு பின்னால நின்னு ரெண்டு விரலக் காட்டுவாரு. நான் என்ன செய்ய?"

முதலில் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. தின்றிருக்கிறார். ஒவ்வொரு புதனும், இரண்டு கரண்டிச் சீனியில், அவள் முதுகுக்குப் பின்னாலேயே. அவள் ஒரு வாய் கேட்டால்கூட, உனக்கு வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள் என்பார். அல்பம் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த மூச்சில் அந்தக் கால் விரல் ஞாபகம் வந்தது. அளந்து போட்ட சோறு. டாக்டரிடம் போட்ட சண்டை. ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷமும் முன்னால் பார்த்தே நடந்திருக்கிறாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

எவ்வளவு போட என்று பாய் மறுபடியும் கேட்டார். கரண்டி இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

"அரைக் கரண்டியே போடுங்க பாய். இனிமேலாவது என் பேச்சக் கேக்கட்டும்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். அரைக் கரண்டிதான் போட்டார். மடித்துக் கையில் கொடுத்து, கேட்டதாக அண்ணனிடம் சொல்லச் சொன்னார்.

சொல்கிறேன் என்றாள்.

பொட்டலம் சுட்டது. வேறு கைக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

கரும்புச்சாற்றுக் கடையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். செண்டோல் கடையில் ஒருமுறை.