அணில் வரைந்த அகத்திக்கீரை

மாசிலாமணி என்ற அணிலுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் எவரும் இல்லை. வாலை மஞ்சளில் முக்கிச் சுவரில் இழுத்து இழுத்துத் தானாகவே கற்றுக்கொண்டான். ஏழாம் வருஷம் அவன் வரைந்த கொய்யாப்பழத்தைக் கொத்தப் போய்க் கிளியின் மூக்கு வளைந்துவிட்டது. அதற்கு முன்னால் கிளிக்கு நேர் மூக்குதான், நம்புங்கள்.

"கிளி கெடக்கு, அவசரக்காரி" என்றது காகம். ஊரில் யாருக்குப் பேர் வரலாம் என்று முடிவு செய்வது அந்தக் காகம்தான். "வெள்ளாட்டுக் கிடாவை ஏமாத்து பார்ப்போம். அதுக்குத் தெரியாத இலையே கிடையாது. ஏமாத்திட்டா, நீ ஓவியன்னு ஊரெல்லாம் கரையறேன்."

மாசிலாமணி பத்து நாள் பல்லில் ஒன்றும் படாமல் உட்கார்ந்து, பெரிய காகிதத்தில் ஓர் அகத்திக்கீரைக் கட்டை வரைந்தான். இலைமேல் பனித்துளிகூட வைத்தான். மைதாப் பசை காய்ச்சிச் சுவரில் ஒட்டினான். கிடா வந்தது, ஒரே இழுப்பில் உரித்து மொத்தத்தையும் தின்றுவிட்டது. காகம் "ஓவியன்! ஓவியன்!" என்று கரைந்துகொண்டே பறந்தது.

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, அகத்தி எப்படி இருந்துச்சு?"

"எந்த அகத்தி? நான் பசை வாசனைக்கு வந்தேன் தம்பி. நடுவுல ஏதோ பச்சையாக் கறை. பொறுத்துக்கிட்டுத் தின்னேன்."

மாசிலாமணி சுற்றுமுற்றும் பார்த்தான். கிடாவின் கொம்பில் ஏறிக் காதோரம் கிசுகிசுத்தான்: "நாளைக்கு ரெண்டு பங்கு பசை தடவறேன். காகம் கேட்டா அகத்தின்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே."

கிடா அசைபோட்டபடியே யோசித்தது.

"சரி. ஆனா படத்தைக் கொஞ்சம் சின்னதாப் போடு."