டென்மார்க் லெட்டர்

“அஞ்சு வருசமா சொல்றேன். முழங்காலை மடக்கி உக்காந்தா எந்திரிக்க முடியல. ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டுங்கன்னா காதுல விழல உங்களுக்கு.”

கஸ்தூரியம்மாள் இதைச் சொன்னபோது, அவள் புருஷன் சின்னச்சாமி சட்டையில் கிளப் பேட்ஜைக் குத்திக்கொண்டிருந்தார். பெரியகுளத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். இந்த வருஷம் சேவை கிளப்புக்குத் தலைவர். ஜெயமங்கலத்தில் பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு கழிப்பறை கட்டித் தர வசூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“பொட்டப்புள்ளைக படுற பாட்ட நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நீ குறுக்க பேசாத.”

வசூலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஐநூறு தருகிறேன் என்றவனிடம் ஐயாயிரம் கேட்டு, சண்டை போட்டு, ரெண்டாயிரத்தில் முடித்து, படி இறங்கும்போது நாலு மூட்டை சிமெண்டும் எழுதி வாங்கிக்கொண்டு வருவார். பாதிப் பணம் ஊரில் தேறியது. மீதிப் பாதியை டென்மார்க்கில் இருக்கிற சகோதர கிளப் அனுப்பியது. திறப்பு விழாவுக்கு அந்த கிளப் தலைவி இங்கர் அம்மா வருவதாகக் கடிதமும் வந்தது.

சின்னச்சாமிக்கு இங்கிலீஷ் வராது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற கிளப் செயலாளர் ஜெபமணி, வீட்டுக்கு வந்து வாசித்துச் சொன்னார்.

“ஹோட்டல் வேணாமாம்ணே. தலைவர் வீட்டுலயே நாலு நாள் தங்குறாகளாம்.”

“தாராளமா.”

“காரம் கம்மியா இருந்தா நல்லதாம்.”

“செஞ்சுருவோம்.”

கஸ்தூரியம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து காபியை வைத்துவிட்டுப் போனாள். ஜெபமணி ஒரு வாய் குடித்தார். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“அப்புறம்ணே, வெஸ்டர்ன் டாய்லெட் கண்டிப்பா வேணுமாம். இல்லாட்டி வேற கிளப் தலைவர் வீட்டுல தங்கிக்கிறாகளாம்.”

“வேற கிளப்பா? சின்னமனூர் பலவேசம் வீட்டுலயா?” சின்னச்சாமி எழுந்து நின்றுவிட்டார். “இருக்குன்னு எழுதிப் போடும்யா.”

மறுநாள் தேனியில் அழகுமலையின் டைல்ஸ் கடை. சின்னச்சாமி ஒரு கம்மோடில் வேட்டியோடு உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார்.

“என்ன வெல?”

“நாலாயிரம்ணே. மூடி தனி.”

“பள்ளிக்கூடத்துக்குப் பன்னெண்டு பேசின் எடுத்தப்ப கொறச்சேல்ல, அதே மாதிரி போடு.”

“அது தர்மம்ணே. இது ஒங்க வீட்டுக்குல்ல.”

“ஏலே, எங்க வீட்டுல எவன் இதக் கேட்டான்? இது சர்வதேச நல்லுறவு. மூடிக்குத் தனியா காசு கேட்டு நாட்டு மானத்த வாங்காத.”

ஒன்றரை மணி நேரம் அவர் எழுந்திருக்கவில்லை. கடைக்கு வந்த ரெண்டு குடும்பம் வாசலிலேயே திரும்பிப் போனது. கடைசியில் ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு, மூடி இலவசமாக, நல்லுறவு படிந்தது.

ஏழே நாளில் கட்டி, டைல்ஸ் ஒட்டி, பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

“அந்தம்மா வந்துட்டுப் போறவரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. சொல்லிட்டேன்.”

“சரிங்க” என்றாள் கஸ்தூரியம்மாள். மறுபேச்சு இல்லை. அந்த வீட்டில் அது புதுசு.

இங்கர் அம்மா வந்தார். பேச்சுக்குத் துணையாக, மதுரையில் காலேஜ் படிக்கிற சின்னச்சாமியின் மகள் அனுசுயாவும் வந்திருந்தாள். சின்னச்சாமி சாவியைத் தட்டில் வைத்து நீட்டினார். அந்தம்மா உள்ளே எட்டிப் பார்த்தார், சிரித்தார், வாளியை எடுத்துக்கொண்டு கொல்லையில் இருக்கிற பழைய கக்கூஸுக்கு நடந்தார்.

மறுநாள் காலையிலும் அதே வாளி, அதே நடை.

அன்றைக்குத்தான் திறப்பு விழா. “பொம்பளைக்கு வசதியா ஒரு கழிப்பறை இல்லேன்னா அது வீடே இல்ல” என்று சின்னச்சாமி மைக்கில் முழங்கினார். கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது கஸ்தூரியம்மாள்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அந்தம்மா மறுபடி வாளியை எடுத்தார். சின்னச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

“அனுசுயா, கேளு. ரெண்டாயிரத்து எண்ணூறு ரூவா சாமான் சும்மா கெடக்கு. அதுல என்ன கொறை கண்டாகன்னு கேளு.”

அவள் கேட்டாள்.

“ஒரிசாவுல ஆறு வருசம் நர்ஸா இருந்தாகளாம்பா. குத்தவெச்சே பழகிப் போச்சாம். அதுதான் சௌகரியமாம்.”

“அப்ப எதுக்கு வெஸ்டர்ன் கேட்டு லெட்டர் போட்டாக?”

கடிதம் லேமினேஷன் போட்டு ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தது. அனுசுயா அதை ரெண்டு தடவை வாசித்தாள்.

“அப்படி எதுவும் இல்லப்பா. ‘எனக்காகப் புதுசா எதுவும் செய்ய வேண்டாம். உங்க வீட்டுப் பெண்களுக்கு என்ன வசதி இருக்கோ, அதுவே எனக்கும் போதும்’னுதான் எழுதியிருக்காக.”

சின்னச்சாமி போனைப் பிடுங்குகிற மாதிரி எடுத்தார்.

“யோவ் ஜெபமணி, லெட்டர்ல இல்லாதத எப்படிய்யா வாசிச்ச?”



“மன்னிச்சுக்கங்கண்ணே. வாசிச்சது மட்டுந்தான் நான். சொல்லிக் குடுத்தது மதினி.”

“கஸ்தூரியா?”

“அஞ்சு வருசமா பக்கத்துல நின்னு சொல்லியும் உங்களுக்குக் கேக்கலையாம். ‘டென்மார்க்ல இருந்து சொன்னா கேக்கும் தம்பி’ன்னாக.”