பெயருக்கு ஒரு நிலம்

அதிகாரியின் வண்டி மேட்டைத் தாண்டி மறைந்ததும் எல்லோரும் டிராக்டர் பெட்டியில் ஏறிவிட்டார்கள். பால் கறப்பவள் மட்டும் கோதுமைக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி தன் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

ஒரு விவசாயிக்கு இத்தனை ஏக்கருக்குத்தான் விலை மானியம் என்று அரசாங்கம் வரம்பு வைத்திருக்கிறது. வரம்புக்கெல்லாம் அடங்குகிற ஆளா முதலாளி? நிலத்தைத் துண்டு போட்டு வீட்டு ஆட்கள், வேலை ஆட்கள் என்று கைக்கு அகப்பட்டவர்கள் பெயரிலெல்லாம் பத்திரம் எழுதிவிட்டார். சமையல்காரர் ஒரு விவசாயி. டிராக்டர்காரர் ஒரு விவசாயி. காது கேட்காத காவல்காரரும் விவசாயிதான். மானியம் அவரவர் கணக்கில் விழும். பாஸ்புக்கெல்லாம் முதலாளியின் பீரோவில் தூங்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி பார்வையிட வருவார். அன்று ஆளுக்கொரு துண்டில் மண்வெட்டியோடு நின்று, நிலம் என்னுடையதுதான் என்று சொல்ல வேண்டும். மண்வெட்டி என்னவோ ஒன்றுதான். அதிகாரி ஒருவரிடம் பேசித் திரும்புவதற்குள் டிராக்டர்காரர் வரப்பில் குனிந்து ஓடி, அதை அடுத்த விவசாயியின் கையில் திணித்துவிடுவார். அதிகாரியும் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பார்.

இதிலெல்லாம் அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. சோறு போடுகிறவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறோம் என்றிருந்தாள்.

போன மாதம் அவளுடைய கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, இதே துண்டில் இரண்டு வாய் மேய்ந்துவிட்டது. முதலாளி கன்றைப் பிடித்துக் கட்டிப்போட்டார். தண்டம் கட்டினால்தான் அவிழ்ப்பேன் என்றார். கட்டினாள். தன் பெயரில் இருக்கும் நிலத்தில் தன் கன்று மேய்ந்ததற்குத் தண்டம் கட்டிய ஒரே விவசாயி இந்த உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

“காதுல விழலையா? ஏறுடி வண்டில” என்று முதலாளி கத்தினார்.

“விழுந்துச்சுங்க ஐயா. நான் வரல. இது என் நிலம்னு இப்பதானே சொன்னேன். நீங்களும் பக்கத்துல நின்னு தலையாட்டுனீங்களே.”

டிராக்டர் பெட்டியில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

முதலாளிக்கு முகம் கறுத்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அவள் குடியிருக்கும் அறையை இன்றைக்கே காலி பண்ண வேண்டும் என்றார். போலீஸைக் கூப்பிடப்போவதாகச் சொல்லி போனை எடுத்தார்.

வேலை போனால் அவளுக்கும் கன்றுக்கும் ஒதுங்க வேறு இடம் கிடையாது. இருந்தும் வந்தது வரட்டும் என்று நின்றாள்.

“கூப்பிடுங்க. நிலம் அவளோடது இல்ல, மானியத்துக்காகப் பொய்யா எழுதி வச்சேன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் கிடக்கட்டும், வண்டியை எடு என்று டிராக்டர்காரரிடம் கையைக் காட்டினார்.

டிராக்டர்காரர் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஜீப்பின் கதவு திறந்தது. காலையிலிருந்து முன்சீட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த முதலாளியின் மனைவி இறங்கினார். சேற்றில் புதைந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கணவரைத் தாண்டி நேராக டிராக்டரிடம் போனார்.

“அண்ணே, என் பேர்ல எழுதி வச்சிருக்கறது எந்தத் துண்டு? கொஞ்சம் காட்டுங்க.”